முந்திரி வளையத்தின் முதுகுப்புறம்

முன்பக்கத்தைத் தைத்து முடித்ததில் எனக்குப் பெரிய சிரமம் ஒன்றும் இருக்கவில்லை. பின்பக்கம்தான் உயிரை எடுத்தது.

வட்டமான எம்பிராய்டரி வளையம், அதில் வெள்ளைப் பருத்தித் துணி. நான் தைத்திருந்தது ஒரு முந்திரிக் கிளை. நாலைந்து இலைகள், மஞ்சளும் சிவப்புமாக ஒரே ஒரு பழம், அதன் அடியில் தொங்கும் கொட்டை. முந்திரிக் காடுகளுக்கு நடுவே வளர்ந்த ஆலங்குடிக்காரர்களுக்கு முன்னால் முந்திரியைத் தைப்பது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று தைத்த பிறகுதான் புரிந்தது. ரோஜாப்பூ தைத்திருந்தால் பார்த்தவர்கள் நல்லாருக்கு என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். முந்திரி என்றதும் ஆளாளுக்கு வாத்தியார் ஆகிவிட்டார்கள். என் தம்பி அதைக் கையில் வாங்கி, கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்ன முதல் வார்த்தை இது.

"கொட்டை இங்கிட்டுல்லக்கா வளையணும். நீ அங்கிட்டு வளைச்சு வச்சிருக்க."

அவன் தேங்காய் வியாபாரி. உனக்கு முந்திரியைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. அந்த வீட்டில் நான் நிறைய விஷயங்களை வாய் வரை கொண்டுவந்து விழுங்கியிருக்கிறேன்.

காரணம், அது தம்பியின் வீடு. கல்யாணமாகி, ஒத்துவராமல், கோர்ட்டுக்கு நடந்து, எல்லாம் முடிந்தபின் பெட்டியோடு வந்து சேர்ந்தவள் நான். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு இ-சேவை மையத்தில் வேலை. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பட்டா மாறுதல் என்று ஊராருடைய விலாசங்களை நாள் முழுக்க டைப் அடிப்பேன். தம்பியின் வீடு நிற்கும் அதே மனையில்தான் நாங்கள் பிறந்தோம். ஆனால் பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டுத் தம்பி தன் சம்பாத்தியத்தில் மாடி வைத்துக் கட்டியிருந்தான். நான் வந்து சேர்ந்தபோது எந்த ஸ்விட்சைப் போட்டால் எந்த லைட் எரியும் என்பதைக்கூடக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

தம்பி நல்லவன். அவன் மனைவி அவனைவிட நல்லவள். எரிச்சலே அங்கேதான் தொடங்கும். கோபித்துக்கொள்ள ஒரு காரணமும் தராதவர்களோடு ஒரே வீட்டில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும். நான் பாத்திரத்தில் கை வைத்தால், "நீங்க உக்காருங்க அண்ணி, நான் பாத்துக்கிறேன்" என்பாள். கூட்டுவதற்கு விளக்குமாற்றை எடுத்தால் ஓடிவந்து பிடுங்கிக்கொள்வாள். எனக்குக் காபி தருவது, யாராவது வந்தால் மட்டும் எடுக்கும் பூப்போட்ட கப்பில். மற்றவர்கள் எல்லாரும் எவர்சில்வர் டம்ளரில் குடிப்பார்கள். வந்த புதிதில் அது மரியாதையாகத் தெரிந்தது. வருடம் திரும்பியும் அதே பூப்போட்ட கப் வந்தபோது அதைத் தரையில் போட்டு உடைக்கலாமா என்று இருந்தது.

அந்த வீட்டின் ஹால் சுவரில் எல்லாரும் இருந்தார்கள். தம்பியின் கல்யாண போட்டோ, பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் வாங்கிய சான்றிதழ்கள், எங்கள் அப்பா அம்மா படம், உரக்கடைக் காலண்டர், முருகன், லட்சுமி, தம்பி மனைவியின் பெற்றோர் அறுபதாம் கல்யாணத்தில் மாலையோடு நிற்கும் படம். ஜன்னலுக்கும் கடிகாரத்துக்கும் நடுவே மட்டும் ஒரு சாண் அகலத்துக்குச் சுவர் காலியாக இருந்தது. முந்திரி வளையத்தை அங்கே மாட்ட வேண்டும் என்பதுதான் என் ஆசை. ஆசை என்று சொல்வது குறைவு. அந்த ஒரு சாண் இடம் எனக்கு வேண்டும். அங்கே என் கையால் செய்த ஒன்று தொங்கினால் நானும் அந்த வீட்டு ஆள் என்று நினைத்தேன்.

அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அவர்களே, "இதை நம்ம ஹால்ல மாட்டலாமே" என்று சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தேன். ஆனால் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். யாருக்குக் கொடுக்கப் போறீங்க?

தம்பி கேட்டான். அவன் மனைவி கேட்டாள். பக்கத்து வீட்டு டீச்சர் கேட்டார். என்னோடு வேலை பார்க்கும் பெண், "ஆர்டர் எடுத்திருக்கீங்களாக்கா?" என்றாள். நான் ஒரு பொருளைச் செய்தால் அது எங்கேயாவது போய்ச் சேர வேண்டிய பொருள் என்று எல்லாருக்குமே தோன்றியது. "சும்மாதான்" என்று சொல்லிவிட்டு, பின்பக்கத்தை முடிப்பதில் இறங்கினேன்.

பின்பக்கம் யார் கண்ணில் படப்போகிறது என்று தம்பி கேட்டான். அவனுக்கு என்ன தெரியும்? நம் பெண்கள் எதையும் முன்பக்கம் மட்டும் பார்த்துவிட்டு விட மாட்டார்கள். புடவைக் கடையில் முந்தானையைத் திருப்பிப் பார்க்காமல் ஒருத்தியாவது பில் போடச் சொல்வாளா? பாத்திரத்தைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். ஜாக்கெட்டின் உள்தையலை நகத்தால் நெருடிப் பார்ப்பார்கள். என் வளையம் சுவரில் தொங்கினால், ஒட்டடை அடிக்கிற நாளில் கட்டாயம் யாராவது கழற்றித் திருப்பிப் பார்ப்பார்கள். திருப்பினால் தெரிவது முடிச்சும் சிக்கும் தொங்கலுமாக ஒரு குப்பை. "பின்னாடி இப்படி இருக்கே, இதப் போய் மாட்டிருக்கு" என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் போதும், இறக்கிவைக்க அது ஒரு சாக்கு. அந்தச் சாக்கை நான் யாருக்கும் கொடுக்கத் தயாராக இல்லை.

போன் வீடியோவில் ஒரு பெண் இந்த வேலையை ஒரு பாட்டு ஓடி முடிவதற்குள் செய்துவிடுகிறாள். வளையத்தைச் சுற்றி மூன்று விரற்கடை விட்டுத் துணியை வெட்ட வேண்டும். ஓரம் முழுக்க ஓட்டுத்தையல் போட்டு, நூலை இழுத்தால் துணி சுருக்குப்பை வாயைப்போலக் கூம்பிப் பின்னால் படிந்துகொள்ளும். அதன்மேல் ஒரு வட்டத் துணியை வைத்து மூடினால் வேலை தீர்ந்தது. அவள் இழுத்தாள், படிந்தது. நான் இழுத்தேன், நூல் அறுந்தது. இரட்டை நூல் போட்டு இழுத்தேன். நூல் தாங்கியது, துணி ஒரு பக்கமாக இழுபட்டு முன்னால் பழம் கோணிக்கொண்டது. வளையத்தின் திருகைத் தளர்த்தி, துணியை நிமிர்த்தி, மறுபடி முறுக்கினேன். பழம் நேரானது, இலை சுருங்கியது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க இதுவே வேலை. தம்பி மனைவி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ரெஸ்ட் எடுங்களேன் அண்ணி" என்றாள். அவளிடம் வள்ளென்று விழுந்திருப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

ஒருவழியாகத் துணி படிந்தது. அடுத்து மூடுவதற்கான துணி. கெட்டியான ஃபெல்ட் துணி வேண்டும், அதுதான் ஓரம் பிரியாது. ஆலங்குடியில் கேட்டால் வெல்வெட்டை எடுத்துக் காட்டினார்கள். புதுக்கோட்டைக்கு பஸ் ஏறி, கீழ ராஜ வீதியில் ஃபேன்ஸி கடை, தையல் சாமான் கடை, ஸ்டேஷனரி கடை என்று ஏறி இறங்கினேன். கடைசியாக ஒரு கடையில் இருந்தது. இரண்டே நிறம், கிளிப்பச்சையும் ரோஸும். வெள்ளை வருமா என்று கேட்டேன். "பின்னாடி ஒட்டத்தானேம்மா? என்ன கலரா இருந்தா என்ன?" என்றார் கடைக்காரர். ஊர் முழுக்க என் தம்பிகள்தான் போலிருக்கிறது. கிளிப்பச்சையை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அதன்மீது தட்டைக் கவிழ்த்து, கோடு போட்டு, வட்டமாக வெட்டினேன். ஒட்டலாம் என்று பசைப் புட்டியைத் திறந்தால் உள்ளே கல்லாக இறுகிக் கிடந்தது. பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பசையும் தீர்ந்திருந்தது. அன்றே முடித்தாக வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. வாசலில் லாரிக்காரனோடு பேசிக்கொண்டிருந்த தம்பி, உள்ளே வந்து யோசனை சொன்னான்.

"மைதாவக் காச்சுக்கா. போஸ்டர் ஒட்டுறவன்லாம் அதத்தான ஒட்டுறான்? மழையில கூடப் பிய்யாது."

அவன் மனைவி அடுப்படியிலிருந்து சேர்த்துக்கொண்டாள். "வெறும் மைதான்னா பூச்சி அரிச்சுரும் அண்ணி. எங்கப்பா பைண்டிங் கடை வச்சிருந்தப்ப துளியூண்டு துத்தம் போட்டுத்தான் காச்சுவாரு. கரப்பான் கிட்ட வராது."

துத்தத்துக்கு எங்கள் வீட்டில் பஞ்சமில்லை. தென்னங்குருத்து அழுகினால் சுண்ணாம்பு நீரோடு கலந்து ஊற்றுவதற்காகத் தம்பி மயில்துத்தத்தைப் பொட்டலம் பொட்டலமாக வாங்கி வைத்திருப்பான். நீலக் கல்லாக மின்னும். உதவாத பழைய டப்பா ஒன்றில் மைதாவைக் காய்ச்சி இறக்கினேன். துளியூண்டு என்று அவள் சொன்னது என் காதில் நன்றாகவே விழுந்தது. ஆனால் இரட்டைவால் பூச்சி என் முந்திரியை அரித்துத் தின்பதாக மனதில் ஒரு படம் ஓடியது. ஒரு ஸ்பூன் நிறையப் போட்டேன். பசை இளநீலமாகப் பார்க்க அழகாகக்கூட இருந்தது. மடித்த துணியின் மேல் தாராளமாகத் தடவி, பச்சை வட்டத்தை வைத்து அழுத்தி, மேலே அம்மிக் குழவியை ஏற்றி வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

காலையில் குழவியை இறக்கி, வளையத்தைத் திருப்பினேன். வெள்ளைத் துணியின் விளிம்பைச் சுற்றி மயில் கழுத்து நிறத்தில் ஒரு கறை. பசையின் ஈரம் பின்னாலிருந்து ஊறி முன்னால் வந்து, வரும்போது துத்தத்தையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது. இரண்டு இலைகளின் நுனிவரை ஏறியிருந்தது. பழத்தைத் தொடவில்லை. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகையாக வரவில்லை, ஆத்திரமாகத்தான் வந்தது. மைதா மேல், துத்தம் மேல், யோசனை சொன்ன இரண்டு பேர் மேல், ஒரு ஸ்பூன் போட்ட என் கை மேல்.

"டிசைன் மாதிரியே இருக்குக்கா" என்றான் தம்பி.

எழுந்து போய்விட்டேன். அங்கேயே நின்றிருந்தால் குழவியை அவன் காலில் போட்டிருப்பேன்.

பசையைத் தண்ணீரில் ஊறவிட்டு, பச்சை வட்டத்தைப் பிய்த்து, துணியைக் கழற்றினேன். எலுமிச்சம்பழச் சாற்றைப் பிழிந்து தேய்த்ததில் கறை வெளிறியது, போகவில்லை. துணியை வெயிலில் காயப்போட்டு, மறுபடி புதுக்கோட்டைக்கு பஸ் ஏறி, ஒரு அளவு சின்ன வளையமாக வாங்கி வந்தேன். கறை பின்னால் மடிப்புக்குள் போய் மறைய வேண்டும் என்று கணக்குப் போட்டு மாட்டினால், இரண்டு இலைகளின் நுனியும் சேர்ந்து பின்னால் போய்விட்டன. பழம் இருக்கிறது, கொட்டை இருக்கிறது, போதும் என்று விட்டேன். இந்த முறை பசையே வேண்டாம் என்று முடிவு செய்து, பச்சை வட்டத்தைப் புது அளவுக்கு நறுக்கி, ஊசி நூலால் சுற்றிச் சுற்றிப் பொடித் தையலாகவே தைத்தேன். ஃபெல்ட் தடிமன், ஊசி இறங்காது. கட்டைவிரலில் குத்தாத இடமில்லை. மறுநாள் மையத்தில் கைரேகை வைக்கும் மெஷின் என் விரலை ஏற்றுக்கொள்ளவே இல்லை. கம்ப்யூட்டரைத் திறக்க அன்று வேறொருத்தியின் விரல்தான் வேண்டியிருந்தது.

ஆனாலும் முடித்தேன். பின்பக்கம் இப்போது ஒரு பிசிறில்லாமல் இருந்தது. சிக்கு, முடிச்சு, கறை எல்லாம் பச்சை வட்டத்துக்கு அடியில். திருகுக்குக் கீழே மாட்டுவதற்கு ஒரு நூல் வளையமும் வைத்துத் தைத்திருந்தேன். தம்பி மனைவி வாங்கித் திருப்பிப் பார்த்தாள். நான் நினைத்த மாதிரியே விரலால் ஓரத்தை நெருடினாள்.

"கடையில வாங்குனது மாதிரி இருக்கு அண்ணி" என்றாள்.

அந்த வார்த்தையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தத் தைரியத்தில்தான் அன்று சாயங்காலம் தம்பியிடம் கேட்டேன். அப்போதும் எதற்கென்று உடைத்துச் சொல்லவில்லை. "ஹால்ல ஒரு ஆணி அடிக்கணும்டா" என்று மட்டும்தான் சொன்னேன்.

"இப்பத்தானக்கா பெயிண்ட் அடிச்சிருக்கு? பொங்கலுக்கு அடிச்சதுல இன்னும் அழுக்கே படல. காங்கிரீட் ஆணி அடிச்சா சிமெண்டு பேத்துக்கிட்டு வரும். இந்தா, ஒட்டுற ஹூக்கு இருக்கு, ஒன் ரூம்ல ஒட்டிக்க."

என் ரூம் என்று அவன் சொன்னது பிள்ளைகள் படிக்கிற அறை. என் கட்டிலும் பெட்டியும் அங்கே இருந்தன. அவன் கொடுத்த பிளாஸ்டிக் ஹூக்கை ஒட்டி மாட்டினேன். மாட்டிவிட்டுத் திரும்புவதற்குள் ஹூக்கோடு சேர்ந்து கீழே விழுந்தது. நல்ல வேளை, கட்டில் மேல். இனி தூசி படாமலாவது இருக்கட்டும் என்று ஒரு கண்ணாடிக் கவரில் போட்டு, ஓரத்தை மடித்து டேப் ஒட்டி, ஹாலில் இருக்கும் பீரோவின் மேல்தட்டில் கொண்டுபோய் வைத்தேன். அங்கேதான் பிள்ளைகளின் கை எட்டாது. அங்கே ஏற்கனவே சுவர்க்கடிகாரப் பெட்டி, கண்ணாடிக் கிண்ணம் செட்டு, பிரிக்காத ஹாட்பாக்ஸ் எல்லாம் அடுக்கியிருந்தன. நல்ல பொருள்கள் வைக்கிற இடம் என்றுதான் நினைத்தேன்.

தம்பி மனைவியின் சித்தி மகள் குளத்தூரில் வீடு கட்டியிருந்தாள். பால் காய்ச்சுகிறார்கள் என்று எல்லாரும் விடிவதற்கு முன்பே காரில் கிளம்பினார்கள். "நீங்களும் வாங்க அண்ணி" என்று என் தம்பி மனைவி கூப்பிட்டாள், மனதார. நான் போகவில்லை. இந்த மாதிரி விசேஷங்களில் நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து, "வீட்டுக்காரரு வரலையா?" என்று தெரிந்துகொண்டே கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. சோறு வடித்து, ஒரு ரசம் வைத்துச் சாப்பிட்டுவிட்டு, ஓய்வாக இருக்கிறதே, வளையத்தை எடுத்துப் பார்க்கலாம் என்று பீரோவைத் திறந்தேன்.

மேல்தட்டில் கடிகாரம் இருந்தது. கிண்ணம் செட்டு இருந்தது. ஹாட்பாக்ஸ் இருந்தது. வளையம் இல்லை.

சாமான்களை எல்லாம் இறக்கிவைத்துத் தேடினேன். கட்டிலுக்கு அடியில், பிள்ளைகளின் புத்தகப் பைக்குள், அடுப்படி அலமாரியில் தேடினேன். சாயங்காலம் கார் வந்து நிற்கும்போது நான் ஹாலில் சாமான்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன்.

தம்பி மனைவி செருப்பைக்கூடக் கழற்றாமல் சிரித்துக்கொண்டே போனை நீட்டினாள். "இங்க பாருங்க அண்ணி. எல்லாரும் எங்க வாங்குனதுன்னு கேட்டுத் தொளைச்சு எடுத்துட்டாங்க. எங்க அண்ணி கையால தச்சதுன்னு சொன்னேன். அங்கனயே ஆணி அடிச்சு மாட்டிட்டாங்க."

போட்டோவில் யாரோ ஒருவருடைய ஹால். புத்தம் புதுச் சுவர். சுற்றிலும் பட்டுப்புடவைகள். நடுவே என் முந்திரி.

"யாரக் கேட்டுக் குடுத்த?" என்றேன். என் குரல் எனக்கே பயமாக இருந்தது.

அவள் முகம் மாறியது. "அந்தத் தட்டுல வச்சிருந்தீங்களே அண்ணி" என்றாள் மெதுவாக. "கவரு எல்லாம் போட்டு... அந்தத் தட்டுல இருக்கறது எல்லாம் குடுக்குறதுக்கு உள்ளதுதான. நமக்கு வர்றத அங்க வைப்போம், விசேஷம் வந்தா அதுலருந்து எடுத்துக் குடுப்போம். நீங்க வச்சதும், சரி, நீங்களாவே குடுக்கச் சொல்லி வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன். கடிகாரம்னா எல்லாருந்தான் குடுப்பாங்க, இதுதான் ஒசத்தின்னு..."

அந்த வீட்டின் சின்னப் பிள்ளைக்குக்கூட அது தெரிந்திருக்கும். மேல்தட்டில் இருப்பவை போகப்போகிறவை. எனக்கு யாரும் சொல்லவில்லை. விருந்தாளியிடம் யாராவது அதைச் சொல்வார்களா?

"அது வீட்டுக்குன்னு செஞ்சது" என்றேன்.

"எந்த வீட்டுக்கு அண்ணி?"

அவள் அதைக் குத்தலாகக் கேட்கவில்லை. அவளுக்குக் குத்தலாகப் பேசத் தெரியாது. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். எனக்கு எங்கேயாவது இன்னொரு வீடு இருந்து, அவள் தெரியாமல் அதை மறந்துவிட்டது போல என் முகத்தையே பார்த்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"இந்த வீட்டுக்குத்தான். வேற எந்த வீடு இருக்கு எனக்கு? ஜன்னலுக்கும் கடியாரத்துக்கும் நடுவுல மாட்டத்தான் செஞ்சேன். ஊசில குத்திக் குத்தி வெரல் புண்ணாப்போச்சு. ஒரு ஆணி கேட்டேன், ஒரே ஒரு ஆணி, பெயிண்ட் போயிருமாம்!"

காரைப் பூட்டிவிட்டு உள்ளே வந்த தம்பி, "என்னக்கா, இதுக்குப் போய்... இன்னொண்ணு தச்சுக்கயேன்" என்றான். நான் அவனைப் பார்த்த பார்வையில் மாடிக்குப் போய்விட்டான். பிள்ளைகள் கதவோரம் நின்று முழித்தார்கள். தம்பி மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, நான் இறக்கிவைத்த சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப அடுக்கினாள். "கேட்டு வாங்கிட்டு வரட்டுமா அண்ணி?" என்றாள். பால் காய்ச்சிய வீட்டில் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பார்களா? வேண்டாம் என்று தலையாட்டினேன்.

அதன்பின் சில நாள் நாங்கள் தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டோம். எனக்குக் கோபம் ஆறவே இல்லை. வேலையில் இருக்கும்போது திடீரென்று அந்தப் பச்சை வட்டம் ஞாபகம் வரும். அத்தனை பாடுபட்டுத் தைத்த பின்பக்கம் குளத்தூரில் யாரோ ஒருவர் வீட்டுச் சுவரில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. அதை அங்கே யாரும் திருப்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். பின்பக்கத்தை நான் அள்ளிச் சொருகி அப்படியே விட்டிருந்தால் அது இன்னும் என்னிடமே இருந்திருக்கும் என்று தோன்றும். குப்பையாக இருந்தவரை அது என்னுடையது. கடையில் வாங்கினது மாதிரி ஆனதும் கைமாறிவிட்டது. நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வரும்.

மையத்துக்கு லீவு விட்ட ஒரு நாள். தம்பி தேங்காய் லோடு ஏற்றப் போயிருந்தான், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். நான் அவனுடைய ஸ்பேனர் பையைத் துழாவிச் சுத்தியலையும் ஒரு காங்கிரீட் ஆணியையும் எடுத்தேன். ஸ்டூலைக் கொண்டுவந்து ஜன்னலுக்கும் கடிகாரத்துக்கும் நடுவே போட்டு ஏறினேன். மாட்டுவதற்குக் கையில் ஒன்றுமில்லை. அடுத்தது எதையும் தைக்கத் தொடங்கவும் இல்லை. ஆணியை மட்டும் அடித்தே தீர வேண்டும் என்று இருந்தது, அவ்வளவுதான்.

முதல் அடியிலேயே ஆணி தெறித்து எங்கேயோ விழுந்தது. இறங்கி, தேடி எடுத்து, மறுபடி ஏறினேன். இரண்டாவது அடிக்கு ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குப் பெயிண்டும் சிமெண்டும் பேர்ந்து உதிர்ந்தன. தம்பி சொன்னது சரியாகப் போனதில் எனக்கு வெறி இன்னும் ஏறியது. சத்தம் கேட்டு அவன் மனைவி ஈரக் கையோடு அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். சுவரைப் பார்த்தாள், உதிர்ந்து கிடந்ததைப் பார்த்தாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லட்டும், இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடலாம் என்று சுத்தியலைப் பிடித்தபடி நின்றேன்.

"கொஞ்சம் மேல அடிங்க அண்ணி" என்றாள். "அங்கன உள்ள வயரு போவுது."

சொல்லிவிட்டு வந்து, ஆடிக்கொண்டிருந்த ஸ்டூலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நான் நாலு விரற்கடை மேலே வைத்து அடித்தேன். இந்த முறை இறங்கியது. கீழே பேர்ந்த பொத்தல் அப்படியே தெரிந்தது. இருவரும் சேர்ந்து உதிர்ந்ததைக் கூட்டி அள்ளினோம். அவள் விளக்குமாற்றைப் பிடுங்கவில்லை என்பதை நான் பிறகுதான் கவனித்தேன். என்ன மாட்டப் போறீங்க என்று அவள் கேட்கவும் இல்லை.

சாயங்காலம் தம்பி வந்தான். தேங்காய் நார் ஒட்டிய சட்டையோடு ஃபேனுக்கு அடியில் நின்றவன் சுவரைப் பார்த்துவிட்டான். பொத்தலைப் பார்த்ததும், "யாரு இது..." என்று ஆரம்பித்து, என் பக்கம் திரும்பி, நிறுத்திக்கொண்டான். நான் டிவியைப் பார்ப்பது போல உட்கார்ந்திருந்தேன். அடித்தது அடித்தாயிற்று, சும்மா எதற்குக் கிடக்க வேண்டும் என்று நினைத்தானோ என்னவோ, கையில் இருந்த வண்டிச் சாவியை அதில் மாட்டப் போனான்.

"ஏங்க" என்று அடுப்படியிலிருந்து அவன் மனைவியின் குரல் வந்தது. "அதுல எதையும் மாட்டாதீங்க. அது அண்ணியோடது."

டிவியில் என்ன ஓடியது என்று இன்றுவரை தெரியாது. தம்பி வெறும் ஆணியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு சாவியைக் கொண்டுபோய் டிவிக்கு மேல் வைத்தான்.